கரைவாயிலின் பெருங்கணக்கைப் பின்னிழைக்கு மாற்றும் ஆணை

மழை பொய்யாதிருக்க; பெய்த மழை கரை கடவாதிருக்க. நாரையாற்று நாடாளும் கோவிறலோன் பெருமானடிகளின் திருவாக்கின்படி, பேரமைச்சன் சேந்தன் நக்கன் விடுக்கும் ஓலை. அரசின் வலைத்தளங்களையெல்லாம் அமைத்துக் காக்கும் நிரலகத்தின் தலைவர் ஆதன் பொறையனாரும், அவர்தம் நிரலாளர் எழுபதின்மரும், அவர் வாழும் குன்றூரும் நலம் பெறுக. யாமும் நலமென்று எழுதுவது வழக்கம். இம்முறை அவ்வரியை விடுகின்றோம்.

வெள்ளக்காலத்தில் குடிகள் படகு கேட்பதற்கென நீவிர் அமைத்த கரைவாயில் என்னும் வலைச்செயலி குறித்தே இவ்வோலை. கார்மழையின் ஐந்தாம் நாள் நாணற்றுறையில் வாழும் எயினி என்பாள், நீர் வாசற்படி ஏறக் கண்டு கூரைமேல் ஏறி, தன் பழைய கைபேசியில் அதைத் திறந்தாள். நீவிர் முன்னிழை என்று வழங்கும் வேலையோட்டம், திரையைக் காத்து விரலின் தொடுகையைக் கேட்பது. அவ்வீடு எப்பொழுது மூழ்கும் என்னும் பெருங்கணக்கையும் அதன் தலையிலேயே சுமத்தியிருந்தீர். வாயில் காப்பவனையே அடுக்களையிலும் சமைக்கச் சொன்னால் வந்தவரை யார் கேட்பது? படகு வேண்டும் என்னும் பொத்தானை அவள் பதினேழு முறை அழுத்தினாள். திரை கல்லாய் நின்றது. பொறுத்திருக்கச் சொல்லிச் சுழலவேண்டிய சக்கரமும் சுழலவில்லை. அதைச் சுழற்றுவதும் அதே இழைதான் அன்றோ. அரசு கைவிட்டது எனத் துணிந்து, உடன் கூரைமேல் இருந்த அவள் கணவன் நம்பன் தானே படகு தேடி நீரில் இறங்கினான். கால் நாழிகைக்குப்பின் கணக்கு முடிந்தது. தேங்கிக் கிடந்த அழுத்தல்கள் யாவும் ஒருசேர வந்து சேர, அந்த ஒரு வீட்டுக்குப் பதினேழு படகுகள் போயின. நம்பன் திரும்பவில்லை.

உம்மைக் கடிந்து எழுதவே எழுத்தாணி எடுத்தோம். ஆனால் திரைக்குப் பின்னே தனித்துக் கணக்கிடும் பின்னிழையை நிரலாளர் அறியாதவர் அல்லர் என்றும், குடிகளைப் பற்றிய எக்கணக்கும் அவர்தம் கண்முன்னே நடைபெறுக, பின்கட்டில் நடத்துவோர் தண்டிக்கப்படுவர் என்னும் அவைமரபுக்கு அஞ்சியே அதை முன்னிழையில் வைத்தனர் என்றும் நீவிர் முன்பு விடுத்த ஓலையில் பணிவுடன் தெரிவித்திருந்தீர். அம்மரபை வலைச்செயலிகளுக்கும் நீட்டி ஆணையிட்டது யாமே. அன்று அவையில் கைதட்டலும் பெற்றோம். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். யாம் இரண்டையும் கெடுத்தோம். களைத்துப் போனோம், ஆதனாரே. குற்றம் பிறருடையதாயின் சினந்தாவது ஆறியிருப்போம்.

ஆதலின் அம்மரபு இன்றோடு ஒழிக. பெருங்கணக்கெல்லாம் பின்னிழையில் நடைபெறுக. அவ்விழை திரையைத் தொடலாகாது. விடையைச் செய்தியாக முன்னிழைக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிக. நாட்டு வரைபடம் முழுவதையும் படியெடுத்து அதனிடம் தள்ளற்க, அந்தந்தத் துறையின் பகுதி போதும். படியெடுக்கும் நேரமும் திரை நிற்கும் நேரமே. பொத்தானை அழுத்திய மறுகணம் ‘கேட்டோம்’ என்னும் சொல் தோன்றுக. அச்சொல் ஒன்று தெரிந்திருந்தால் அவர் கூரையிலேயே இருந்திருப்பார் என்று எயினி அவையில் சொன்னாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

அடுத்த மழைக்கு ஒன்பது நாள் உளது. அரண்மனையின் விரைந்த கருவிகளில் சோதித்து மகிழாது, நாணற்றுறைக்கே சென்று பழைய கைபேசியில் சோதிக்க. இவ்வோலை கண்டவுடன் செய்க. எழுத்தரை விடுத்து எம் கையாலேயே கீறி, இலச்சினை இட்டோம்.

பொத்தானை முதலில் அழுத்துமாறு எயினியைக் கேளும். அவளுக்குக் கை வரவில்லையெனில் வற்புறுத்தற்க. அருகில் நின்று நீரே அழுத்தி, திரை விடை சொல்வதை அவள் காணச் செய்க. காணவும் மறுத்தால் எமக்குச் சொல்லி அனுப்பும். யாமே வருகின்றோம்.