செத்த நேரம் லைனில்

பிளாஸ்திரிச் சுருளைப் பிரித்ததும் அந்த வாசம் வந்தது. ரப்பரும் இல்லை, மருந்தும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. உன் கைப்பைக்குள் எப்போதும் இருந்த வாசம். ஆஸ்பத்திரியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரிக்கு வராது என்று சொல்லி, ஒயர், ஸ்விட்ச், சாவி, சாப்பாட்டு டப்பா மூடி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் அதையே கிழித்து ஒட்டிப் பெயர் எழுதி வைப்பாய். இன்று ஞாயிற்றுக்கிழமை மதியம், ராஜபாளையத்தில் அதே ஆஸ்பத்திரியில், மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கிற அதே சின்ன அறையில், நீ உட்காருகிற நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். நுனியில்தான். சிரிக்காதே.

சர்வரின் பக்கவாட்டில் நீ ஒட்டிய ஏழு துண்டுகளும் அப்படியே இருக்கின்றன. ‘ராஜை 1’ முதல் ‘ராஜை 7’ வரை, ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் ஆறின் குறுக்கே ஒரு கோடு. ஏழாவதன் மேல் கோடு இல்லை. நீ போய் எட்டு மாதமாகியும் அந்த ஏழுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன்.

உனக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் நான் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்குகிறது. அந்த ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, ஸ்கேன் படங்களுக்கு ஒன்று, மருந்துக்கடைக்கு, வார்டுக்கு, சீட்டு எழுதுகிற இடத்துக்கு என்று. ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஐந்துக்கும் அடியில் அஸ்திவாரம் ஒன்றேதான், கெர்னல். சாதாரணக் கெர்னலுக்கு இப்படிக் குடிவைக்கத் தெரியாது என்று, அதற்கான பேட்ச் என்கிற ஒட்டு நிரலைச் சேர்த்து நாமே கட்டி எடுத்தோம். புதிய கெர்னலுக்கு மாற வேண்டுமானால் மெஷினை ஒருமுறை அணைத்து எழுப்பியாக வேண்டும். அது எழுந்திருக்காவிட்டால் ஐந்து வீடும் சேர்ந்து போகும். மாடியில் படுத்திருக்கிற யாருக்கு என்ன ரத்தம், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

நாம் கட்டிய கெர்னல் ஆறு தடவை எழுந்திருக்கவில்லை, கோடு போட்ட ஆறு துண்டும் அவைதான். நான்காவது விழுந்த அன்று நான் ஒரு யோசனை சொன்னேன். விழுந்ததையெல்லாம் அழித்துவிட்டு, ஓடுகிறதற்கு ஒன்று என்று பெயர் வைத்துக்கொள்வோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். கத்திரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

“விழுந்ததுக்கும் நம்பர் உண்டுட்டி. அதைப் பிடுங்கி இன்னொண்ணுக்குக் குடுக்கக் கூடாது. எது எங்க விழுந்துச்சுன்னு பொறவு எப்படித் தெரியும்?”

கோடு போட்ட துண்டையும் சேர்த்தே ஒட்டினாய். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் நம் தோல்வி தெரியும்படி அங்கே கிடக்கிறதே என்று எனக்கு அவமானமாக இருந்தது. உனக்கு அவமானம் என்கிற உறுப்பையே கடவுள் வைக்க மறந்துவிட்டார்.

பயமும் உனக்கு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து பங்கு அப்படித்தான் பிரிந்திருந்தது. தைரியம் முழுக்க உனக்கு, பயம் முழுக்க எனக்கு. இருவரும் சேர்ந்து இந்த வேலையை ஆரம்பித்த பிறகும் அதே பாகப்பிரிவினை. மெஷினுக்கு முன்னால் நீ உட்காருவாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியில், மடிக்கணினியில் பிங் ஓடவிட்டு, மெஷின் வெளியே பதில் தருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் போன் லைன்.

அந்த லைனுக்கு நீ வைத்த சட்டங்கள் இருக்கின்றனவே! அணைத்த பிறகு இரண்டு பேரும் பேசக் கூடாது. மெஷின் பதில் தந்ததும் நான் “வந்துருச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். என்ன ஆனாலும் போனை வைக்கக் கூடாது. கடைசியில் வைக்கிற உரிமை மெஷின் பக்கம் இருக்கிறவளுக்கு மட்டும். பேசாமல் இருப்பதற்கு எதற்கு லைன் என்று ஒருமுறை கேட்டேன். “ஆள் இருக்குன்னு தெரியணும்லா” என்றாய்.

சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வருவாய். பெரும்பாலும் நீ தயாராகிற நேரத்தில்தான் என் வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஆரம்பிக்கும். போன் வழியாக அது உனக்கும் கேட்கும். “பாங்கு முடியட்டும் ஜீனத்து, பொறவு அமுக்குதேன்” என்பாய். ஒரு தடவைகூட நடுவில் அமுக்கியதில்லை. பாங்கு முடியும். ஒரு பொத்தானின் சத்தம் கேட்கும். என் திரையில் பதில் இல்லை, பதில் இல்லை என்று வரி வரியாக இறங்கும். அந்தச் சில நிமிடங்களில் எனக்கு ஓதத் தெரிந்த எல்லாவற்றையும் ஓதி முடித்துவிடுவேன். நீ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். ஏழாவது எழுந்த அன்று “வந்துருச்சு” என்று நான் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே ஓடிவந்தார்கள். நீ “காது போச்சுட்டி, பயந்தாங்கொள்ளி” என்றாய். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி என்று தெரிந்தும் என்னிடம் பால்கோவா கேட்காத ஒரே ஆள் நீ. அன்றைக்கு நானாகவே அரைக் கிலோ வாங்கி அனுப்பினேன்.

இப்போது அந்த ஏழில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் குடியிருக்கிறவன் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய்விடக்கூடிய ஓட்டை. அடைப்பதற்குப் புதிய பேட்ச்சும் வந்துவிட்டது. தெரிந்தும் மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் காய்ச்சல் என்றேன், ஒரு வாரம் கல்யாணம் என்றேன், ஒரு வாரம் காரணமே சொல்லவில்லை. உண்மையான காரணம் உனக்கு மட்டும்தான் சொல்ல முடியும். மெஷின் எழுந்திருக்காமல் போய்விடுமோ என்கிற பயம் பாதி. அந்த அமைதிக்குள் மறுபடி உட்கார வேண்டுமே என்கிற பயம் மீதி.

மதுரையில் உன் ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டாய். இதய வால்வு மாற்றுகிற ஆபரேஷன். “இன்னைக்கு எனக்கு ரீபூட்டுட்டி” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு உன் குரல் மாறியது. இருபது வருடத்தில் நான் கேட்டிராத குரல். “ஜீனத்து, ஒண்ணும் பேச வேண்டாம். செத்த நேரம் லைன்லயே இரு.”

இருந்தேன். எவ்வளவு நேரம் என்று நினைக்கிறாய்? ஒரு நிமிடம் இருந்திருந்தால் அதிகம். உன் மூச்சு சீராக இல்லை. திக்கித் திக்கி வந்தது. பயம் முழுக்க என் பங்கு என்று நினைத்திருந்தேனே, உன்னிடமும் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் காலடியில் தரை நழுவிற்று. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. “அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்கிரும், பொறவு பேசுதேன்” என்றேன். “சரிட்டி, போய்ப் பாரு” என்றாய். வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பையே அன்றைக்கு நான் பற்றவைத்திருக்கவில்லை. ஆபரேஷன் மேஜையிலிருந்து நீ திரும்பவில்லை என்கிற செய்தி மதியம் வந்தது.

எட்டு மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு வெளியே இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. வேறு யாரையும் கேட்கத் துணிவில்லாமல், உன் வீட்டுக்காரரைக் கேட்டேன். அண்ணனுக்கு இந்த வேலையில் ஒன்றும் தெரியாது. பிங் என்றால் என்ன என்று காலையில் உன் வீட்டுக்குப் போய், உன் மடிக்கணினியிலேயே திறந்து காட்டிவிட்டு வந்தேன். “பேசக் கூடாது, வைக்கக் கூடாது, அதானே தங்கச்சி? எத்தனை ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கேன்” என்றார். ஒரு மணிக்குக் கூப்பிட்டார். போனில் உன் பெயர் வந்தது. உன் நம்பரை அவர் இன்னும் வைத்திருப்பது எனக்குத் தெரியாது. எடுப்பதற்குள் உயிர் போய் வந்தது.

எட்டாவது கெர்னலை ஏற்றி, மெஷினை அணைத்து எழுப்பினேன். திரையில் வரிகள் ஓடின, ஓடின, நின்றன. தகவலெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க் வட்டைக் காணோம் என்று சொல்லி அப்படியே உறைந்துவிட்டது. எனக்கும் அதே நிலைமைதான். இந்த மெஷினை நான் கொன்றுவிட்டேன், மாடியில் இருக்கிறவர்களில் யாருக்காவது ஏதாவது ஆகும், நாலு மணிக்குள் மெஷினைத் திருப்பித் தருவதாக ஆஸ்பத்திரியில் சொன்ன வாக்கும் போயிற்று என்று என்னென்னவோ ஓடியது. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பால் பொங்குகிறது என்று சொன்னவள்தானே நான். லைனில் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. கனைக்கக்கூட இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மெஷினை வலுக்கட்டாயமாக அணைத்தேன். எழும்போது எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்கிற பட்டியலில் இரண்டாவது வரியாக உன் ஏழு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். எந்தப் பிகுவும் பண்ணாமல் எழுந்து வந்தது. ஆஸ்பத்திரியின் வேலை நடக்க ஆரம்பித்தது.

பயம் கொஞ்சம் வடிந்ததும் தப்புத் தெரிந்தது. நூற்றுக்கணக்கான வரிகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று குறிக்கிற இடத்தில், வட்டோடு பேசுகிற டிரைவரைக் குறிக்காமல் விட்டிருக்கிறேன். உன் இரண்டாவது விழுந்ததும் இதே இடத்தில்தான். அந்தத் துண்டில் கோட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வட்டு’ என்று நீ எழுதியே வைத்திருக்கிறாய். எத்தனையோ தடவை பார்த்த துண்டு. குறித்து, மறுபடி கட்ட ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம். “இன்னும் ஒரு தடவை இருக்குண்ணே, வேணும்னா வச்சிட்டுப் பொறவு கூப்பிடுங்க” என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

ஒன்பதை ஏற்றினேன். அமுக்குவதற்கு விரலை வைத்தபோது இரண்டாவது தடவை என்பதால் பயம் குறைந்திருக்கும் என்று நினைக்காதே, கூடித்தான் இருந்தது. அமுக்கினேன். வரிகள் ஓடின. வட்டைக் கண்டுகொண்டது. தாண்டியது. திரை ஒரு கணம் இருண்டது.

“வந்துருச்சு” என்றார் அண்ணன்.

சட்டப்படி நான் நன்றி சொல்லிப் போனை வைத்திருக்க வேண்டும். மெஷின் பக்கம் இருக்கிறவள் நான்தான். ஆனால் வாயில் வேறு வந்துவிட்டது. “அண்ணே, அன்னைக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி அவ பேசினப்போ நான்தான் பாதியில வச்சிட்டேன். பால் ஒண்ணும் பொங்கல. பயமா இருந்துச்சு, வச்சிட்டேன்.”

அண்ணன் மெதுவாகச் சொன்னார். “தெரியும் தங்கச்சி. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க வச்ச பொறவும் அவ போனைக் காதுலயே வச்சிருந்தா. நர்ஸம்மா வந்து போனைக் குடுங்க, தியேட்டருக்குப் போகணும்னாங்க. ‘இரும்மா, லைன்ல ஆள் இருக்கு’ன்னா. எம்புட்டு நேரம் அப்படியே வச்சிருந்தா தெரியுமா?”

நான் இல்லாத லைனில் என்னை நீ இருக்க வைத்துக்கொண்டாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நான் வைத்தது வைத்ததுதான். அதற்கும் ஒரு நம்பர் உண்டு, அதை வேறு எதற்கும் கொடுக்க முடியாது.

கத்திரிக்கோலை எடுத்து இரண்டு துண்டு வெட்டினேன். ‘ராஜை 8’ என்று எழுதிக் கோடு போட்டு, பக்கத்தில் ‘வட்டு’ என்று எழுதினேன். ‘ராஜை 9’ என்று எழுதி அதன் கீழே ஒட்டினேன். உன் கெர்னலைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஓட்டை உள்ளதை வைத்திருக்கக் கூடாது என்பார்கள். இனி அது ஓடப்போவதில்லை, மூன்றாவது வரியில் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு ஐந்து வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரத்தம் வந்துவிட்டது, ஸ்கேன் வந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவதும் வந்தது. மணி மூன்றரை ஆகியிருந்தது.

“முடிஞ்சுதா தங்கச்சி?” என்றார் அண்ணன்.

“முடிஞ்சுதுண்ணே. ஒண்ணும் பேச வேண்டாம், செத்த நேரம் லைன்லயே இருங்க” என்றேன்.

அவர் இருந்தார்.