அவள் வீட்டுக்குப் போயிட்டாள் என்று சொன்னேன்

குட்டி,

இன்றைக்கு மத்தியானம் டீவியில் அந்த மொட்டைப் பெண் படம் திரும்பவும் வந்தது. நான் பூண்டு உரித்துக்கொண்டு இருந்தேன். இரும்புச் சட்டை போட்டு, வெள்ளைக் குதிரை மேலே, கையில் கொடியோடு அவள் வந்ததும் என் கை நின்றுபோச்சு. நீ ஒருக்களித்துப் படுக்கிற பக்கம் என்னை அறியாமல் பார்த்தேன். உன் மகள் வாணி மடித்து வைத்த துணிதான் அங்கே இருந்தது.

நீ தெலுங்கில் படித்தவள். நான் தமிழில் ஐந்தாவதோடு நின்றவள். ஒரே வீட்டில் பிறந்து ஆளுக்கு ஒரு எழுத்து. நீ இருந்திருந்தாலும் இதை நான்தான் உனக்கு வாசித்துக் காட்டணும்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை மருந்து ஏற்றினதும் உன் முடி கொத்துக் கொத்தாக வந்தது நினைவிருக்கிறதா? மிச்சத்தையும் மழித்துவிடச் சொன்னே. மழித்த தலைக்கு நான் சந்தனம் குழைத்துப் பூசினேன். "இது இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டே. திருப்பதியிலிருந்து வருகிற பஸ்ஸில் சந்தனம் பூசின மொட்டையைப் பார்த்து யார் என்ன நோய் என்று கேட்கப்போகிறார்கள்? வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுதான் என் கணக்கு.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வடமாலபேட்டையில் ஏறின ஒரு அம்மா உன்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கொண்டக்கு போயொச்சாவாம்மா? லட்டு ஏதி?" என்று கேட்டாள். மலைக்குப் போய்வந்தவள் கையில் லட்டு இல்லாமல் இருக்குமா? நான் திருதிருவென்று முழித்தேன். நீ கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. எல்லாத்தையும் எங்க அக்காவே தின்னுட்டாள் என்று தெலுங்கில் சொல்லி என் பக்கம் கை காட்டினே. புத்தூர் வரைக்கும் அந்த அம்மா என்னை முறைத்துக்கொண்டே வந்தாள். நீ முந்தானையை வாயில் அடைத்துச் சிரித்தே.

அந்த வாரம்தான் இந்தப் படத்தை முதலில் பார்த்தோம். ரொம்பக் காலத்துக்கு முன்னே வெள்ளைக்காரர் தேசத்தில் நிஜமாக இருந்த பெண்ணாம். சாமி பேசுகிற குரல் அவள் காதில் விழுந்ததாம். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆம்பளை உடுப்பு போட்டு, நாட்டுக்காகச் சண்டைக்குப் போனாளாம்.

"யக்கா, இவளும் கொண்டக்குப் போய் வந்தவ போலகீது" என்று எழுந்து உட்கார்ந்தே. காய்ச்சல் அடித்த உடம்பு அது. "இவ ஜெயிப்பாளா?"

"சாமி வந்த பொண்ணு தோப்பாளாடி? எத்தினி அம்மன் படம் பாத்துக்கீறோம்?"

"அப்ப அவ ஜெயிச்சா நானும் ஜெயிச்ச மாதிரி. சரியா?"

"சரி."

ஒரு வார்த்தை. அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

நீயும் நானும் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அவளைப் பிடித்து விலங்கு போட்டார்கள். அங்கி போட்ட பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து, ஆம்பளை உடுப்பு போட்டது குற்றம் என்றார்கள். உனக்கு வந்த கோபம்! "கங்கம்மா ஜாத்திரைல மாமா உன் பச்சப் பொடவய கட்டிக்கினு ஆடிச்சே, ஊரே கால்ல விழுந்துச்சே. இவ பேண்ட் போட்டா மட்டும் குத்தமா?" வேண்டுதலுக்குப் புடவை கட்டின என் வீட்டுக்காரருக்கு அது என்னைவிட நன்றாக இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னே.

பிறகு கம்பம் நட்டு, சுற்றிலும் விறகு அடுக்கினார்கள். நான் ரிமோட்டை அழுத்தி அணைத்துவிட்டேன்.

"கரெண்டு போச்சுடி."

"கரெண்டு போனா ஃபேன் எப்படிக்கா சுத்துது?"

 அப்புறம், நான் பார்த்த படம்தான் இது, முடிவை நானே சொல்றேன் என்று ஆரம்பித்தேன். நெருப்பு வைத்ததும் கருகருவென்று மேகம் கூடிச்சு. மழை கொட்டி விறகெல்லாம் அணைஞ்சு போச்சு. அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போயிட்டாள். அவ அக்கா கூழ் காய்ச்சி வைத்திருந்தாள்.

"அவளுக்கு அக்கா இருந்தாளா?"

"இருந்தா. நீ பாத்ரூம் போனப்ப காட்டினாங்க."

"வெள்ளக்காரங்க கூழ் குடிப்பாங்களா?"

"கேவுரு எல்லா ஊருலயும் வெளையும். படு."

அதற்கப்புறம் ஊசி போடுகிற ஒவ்வொரு தடவையும், "அந்த மழக் கத சொல்லுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொள்வே. நானும் சொல்லிச் சொல்லி அதில் என்னென்னவோ சேர்த்தேன். கூழுக்குக் கருவாடு வந்தது. வீட்டு வாசலில் குதிரைக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. கடைசி நாளில் உனக்கு எச்சில் விழுங்கவே முடியவில்லை. அப்போதும் கேட்டே. நான் சொன்னேன். மழை வருகிற இடத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டே.

இன்றைக்கு விறகு அடுக்குகிற இடம் வந்ததும் என் கை தானாக ரிமோட்டுக்குப் போனது.

"நிறுத்தாத பெரிம்மா" என்றாள் வாணி. "அம்மா இத முழுசா பாத்துச்சு."

"எப்படி?"

"ஆஸ்பத்திரில, என் போன்ல. நீ சாப்பாடு வாங்கப் போயிருந்தே. பெரிம்மாகிட்ட சொல்லாத, அது அழும்னு சொல்லிச்சு."

அது எப்போது என்று கேட்டேன். நாம் வீட்டில் படத்தைப் பாதியில் நிறுத்தின பிறகு, உன்னைப் பெட்டில் சேர்த்த மறுநாளே என்றாள். மழைக் கதையை நீ அத்தனை தடவை கேட்டதெல்லாம் அதுக்கு அப்புறம்தான், குட்டி.

நான் படத்தை நிறுத்தவில்லை. முழுக்கப் பார்த்தேன். மழை வரவில்லை. அவளுக்கு அக்காவும் இல்லை. அவள் புகையில் இருமிக்கொண்டே சாமி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாணி என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் என்ன செய்வேன்? கருகருவென்று மேகம் கூடிச்சு என்று அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த மழையைத் தவிர என் கையில் வேறு எதுவும் இல்லை. கூழ் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

நீ கடைசியாகக் கண்ணை மூடினப்போ, குட்டி, உனக்குத் தெரிந்தது அந்த நெருப்பா, நான் சொன்ன மழையா?