ரசமட்டம் அண்ணன் கட்டிய ஓடை

ஜூன் 4, வியாழன்

இடித்தாச்சு! ஓடைக்குக் குறுக்கே இடுப்பளவு நின்ற அந்த சிமெண்ட் சுவர் இன்று பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அலுவலக வாசலிலேயே இரண்டு சுற்று ஆடிவிட்டேன். ஜன்னல் வழியே மொத்தப் பிரிவும் பார்த்தது. பார்க்கட்டுமே.

வீட்டில் இவர், "ஒரு சுவர இடிச்சதுக்கா இவ்வளவு ஆட்டம்? நீ இஞ்சினியரா, இல்ல எதிரிப் படையா?" என்றார். இவருக்கு எப்படிப் புரியவைப்பது? நாற்பது வருடமாக அந்தச் சுவரைத் தாண்டி ஒரு கெண்டை மேலே போனதில்லை. மேலே இருக்கும் சதுப்பில் முட்டையிட வேண்டிய மீனெல்லாம் கீழ் மடுவிலேயே முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. இனி சுவர் நின்ற இடத்துச் சரிவில் கற்களைப் போட்டு, மீன் ஏற வழி செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? தலைமைப் பொறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பத்தொன்பதாம் தேதி வருவேன். ஒரு மீனாவது தானா மேல ஏறணும். இல்லேன்னா ஓடைய குழாய்க்குள்ள விட்டுட்டு, மேல கார் நிறுத்த இடம் பண்ணிடுவோம்."

பதினைந்து நாள் இருக்கிறதே. போதாதா என்ன?

ஜூன் 8, திங்கள்

கொத்தனார் வந்தார். எல்லோரும் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கும் அந்தக் கட்டை கையில் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடமாட்டாராம். என் வரைபடத்தில் 'கற்களைத் தாறுமாறாகப் பதிக்கவும்' என்று எழுதியிருந்தேன். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாறுமாறுன்னா எவ்வளவு மேடம்? அளவு சொன்னாதானே செய்ய முடியும்?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு இன்று போய்ப் பார்த்தால் — அடடா! பன்னிரண்டு வரிசைக் கல், நூல் பிடித்தாற்போல். கரைக்குக் கரை கண்ணாடி விரித்த மாதிரி தண்ணீர் வழிகிறது. "அண்ணே, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்!" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். பதினெட்டு படம் எடுத்தேன். ஒன்றை போனின் முகப்பிலும் வைத்தாயிற்று.

ஜூன் 13, சனி

மேலே நல்ல மழை. புதுத்தண்ணீர் வாசம் பிடித்து மடு முழுக்கக் கெண்டை. முதல் வரிசைக்குத் துள்ளி வந்தன. வந்து — பக்கவாட்டில் சாய்ந்து, வழுக்கி, திரும்ப மடுவுக்கே போய்விட்டன. எல்லாம். ஒன்று விடாமல்.

விரலை வைத்துப் பார்த்தேன். நகம் முங்கவில்லை. எல்லாக் கல்லும் ஒரே மட்டம், அதனால் தண்ணீரும் எங்கும் ஒரே மெலிசு. நீந்த ஆழமில்லை, நின்று மூச்சுவாங்க ஒரு மறைவில்லை. ஐயோ, இதையா பதினெட்டு படம் எடுத்தேன்? படிச்சவளாடி நீ?

இவர் சொன்ன யோசனை: "ஒண்ண வாளியில தூக்கி மேல விட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"மத்த மீனுக்கெல்லாம் தெரியும்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இன்னும் ஆறே நாள்.

ஜூன் 14, ஞாயிறு

ரசமட்டம் அண்ணன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"முப்பது வருஷமா என் வேலைய யாரும் கோணல்னு சொன்னதில்ல. நீங்க நேரா இருக்குன்னு குறை சொல்றீங்களா?"

தப்பு என்னுடையது. அளவு கேட்டவரிடம் பல்லைக் காட்டியவள் நான்தான். அதையும் சொன்னேன். கதவு சாத்தியாகிவிட்டது.

ஜூன் 15, திங்கள்

அவர் வரவில்லை. நானே கடப்பாரை எடுத்தேன். ஒரு கல் அசையவில்லை. பாவி மனுஷன், அவ்வளவு நல்ல வேலை.

ஜூன் 17, புதன்

வந்துவிட்டார்! வணக்கம்கூட இல்லை. "எங்க வழுக்குது, காட்டுங்க" என்றார். கரையில் குந்தி அரைமணி நேரம் பார்த்தார். ஒரு கெண்டை ஒன்பது முறை முட்டியது. ஆறாவது முறையே அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஏய், விடாத! இடப்பக்கம் வா! ஐயய்யோ... போச்சே!"

பிறகு ரசமட்டத்தை என் கையில் திணித்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். என் கையில இருந்தா கை தானா நேராக்கிடும்."

நாள் முழுக்கப் பெயர்த்தார். பெரிய கல் பக்கத்தில் சின்னக் கல், நடுவில் முழங்கால் ஆழத்துக்குச் சந்து, அதன் பின்னால் ஒரு மறைவு. ஒவ்வொரு கல்லையும் கோணலாகத் தள்ளும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு விலா வலிக்கிறது.

ஜூன் 18, வியாழன்

மழை இல்லை. ஒரு மீன்கூட மடுவை விட்டு வரவில்லை. கடவுளே, நாளைக்கு ஒரே ஒரு மீன்.

ஜூன் 19, வெள்ளி

விடிகாலையில் கொட்டித் தீர்த்தது! பத்து மணிக்குத் தலைமைப் பொறியாளர் குடையோடு நின்றார். பத்தரை. பதினொன்று. கடிகாரத்தைப் பார்த்தார். "சரிம்மா, நான் கிளம்..."

"சத்தம் போடாதீங்க சார்!" என்று அண்ணன் அதட்டினார். தலைமைப் பொறியாளரை!

ஒரு கெண்டை. சந்துக்குள் நுழைந்தது. கல்லின் பின்னால் நின்றது. அடுத்த சந்து. நின்றது. நான் மூச்சு விடவில்லை. ஏழு, எட்டு... பன்னிரண்டு. ஒரே துள்ளல் — மேலே! அதன் பின்னால் இன்னொன்று, இன்னும் மூன்று! நானும் துள்ளினேன். புடவையோடு ஓடையில் விழுந்தேன். எழுந்தால், அண்ணன் தலைமைப் பொறியாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். குடை மிதந்து போகிறது.

குழாய் கிடையாது! கிடையவே கிடையாது!

ஜூலை 6, திங்கள்

இன்றுவரை மேலே ஏறியவை இருநூற்றுப் பன்னிரண்டு. சதுப்பின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் குஞ்சுகள்.

அடுத்த ஓடைக்கும் அனுமதி வந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டு ரசமட்டத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வீடு கட்டும்போது வந்து வாங்கிக்கிறேன்" என்று மேசையிலேயே வைத்துவிட்டார். புது வரைபடத்தை விரித்தார். 'தாறுமாறாக' என்ற இடத்தில் விரல் நின்றது. பென்சிலைக் கேட்டு வாங்கினார்.

"இந்தத் தடவை அளவு நான் சொல்றேன், எழுதிக்கங்க."