வலிக்கவில்லை என்றான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நலம், கான்சாஸில் காற்றுதான் ஓயவில்லை.

சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் தோற்றோம், அது பெரிய விஷயமில்லை. கடைசி இன்னிங்ஸில் எங்கள் பள்ளி அணியின் பந்துவீச்சாளன் கோல்பி முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய், "வலிக்குதாடா?" என்றேன்.

"இல்ல கோச். இன்னும் ரெண்டு பேருதானே, நானே முடிச்சிடுறேன்."

கல்லூரியில் நானும் இதே பொய்யைச் சொல்லித்தான் பந்து வீசும் கையைத் தொலைத்தேன். தெரிந்தும் அவனை மாற்றாமல் திரும்பினேன். மூன்றாவது பந்தில் அவனுக்கும் முழங்கைத் தசைநார் அறுந்துவிட்டது.

என் பழைய முழங்கைக் கட்டு அலமாரியில் கிடந்தால் அனுப்பு, அவனுக்குச் சரியாக இருக்கும். மணி அடித்துவிட்டது, வகுப்பெடுக்க ஓட வேண்டும். அப்பா கேட்டால் எனக்குத்தான் என்று சொல். கல்லூரியில் என்னை மாற்றாமல் விட்ட அந்தக் கோச்சை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

உன் வெஸ்லி