முதலில் எந்த ஃபோல்டர்

நவ. 4, செவ்வாய்
நான்காவது நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டிருக்கிறது.
என் வீட்டுக்காரருடைய ஹார்ட் டிஸ்க்கை அலமாரியிலிருந்து எடுத்தேன். அவர் இறந்த வருஷம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நான் கழற்றி வைத்தது. மாட்டினால் சுற்றவில்லை. டிக், டிக். அப்புறம் ஒன்றுமில்லை.
ஆபீஸில் மாலதி: "அரிசிக்குள்ள போட்டு வைங்க மேடம். எங்க வீட்ல செல்லு அப்படித்தான் பொழச்சுது."
போடவில்லை.

நவ. 5, புதன்
சின்னக்கடைத் தெரு ரிப்பேர் கடை. நஸீமா, முப்பது வயதிருக்கும். டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள்.
"இந்த ஓட்டைய யாருக்கா டேப் போட்டு அடைச்சது?"
"நான்தான். ஈரம் உள்ள போகக்கூடாதுன்னு."
"அது மூச்சு விடுற ஓட்டைக்கா. மூடாதீங்கன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு பாருங்க. உள்ள இருந்த ஈரத்தையும் சேத்துப் பூட்டிட்டீங்க."
டேப் ஒட்டியதும் ஒரு மழை நாளில்தான். நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல் வேறு.
உள்ளே சுற்றுகிற தட்டின் மேல் ஈரம் படிந்து, பதிவைப் படிக்கிற முனை அதில் ஒட்டிக்கொண்டதாம். நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்ட இரண்டு கண்ணாடித் துண்டுகள் போல. மோட்டாரால் இழுக்க முடியவில்லை. உலர வைத்து முனையைப் பிரித்தால் கொஞ்ச நேரம் சுற்றலாம்.
"எதை மொதல்ல எடுக்கணும்னு வரிசையா எழுதிக் குடுங்க. நடுவுல நின்னா நின்னதுதான்."

நவ. 6, வியாழன்
தூறல். வரிசை:
1. திவ்யா பள்ளி ஆண்டு விழா
2. கல்யாண வீடியோ
3. திருவெள்ளறை போனது
4. மற்றவை (கேமரா வாங்கிய புதிதில் அவர் எடுத்த துண்டுகள்)
புனேக்குப் போன் செய்து மகள் திவ்யாவிடம் கேட்டேன். "ஆண்டு விழாவெல்லாம் எதுக்கும்மா? உனக்கு எது வேணுமோ எடு. மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்."
எனக்கு எது வேண்டும். சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

நவ. 7, வெள்ளி
டவுன் பஸ். ஜன்னலோரம். திருவானைக்காவல் தாண்டும்போது நாலாவதை முதலாக மாற்றினேன். கல்யாண வீடியோவில் அவர் குரலே இல்லை, நாதஸ்வரம்தான்.
சீட்டை நஸீமாவிடம் கொடுத்தாயிற்று.

நவ. 10, திங்கள்
வெயில். துணி காய்ந்தது.
நஸீமா போன்: "ஒம்பது நிமிஷம் சுத்துச்சுக்கா. மொத ஃபோல்டர்ல ஒரே ஒரு வீடியோ முழுசா வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. இனிமே சுத்தாது."
வீடியோவை வாங்கி வந்து போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட இல்லை. எங்கள் வாசல், நல்ல மழை. கேமரா அவர் கையில், அதனால் முகம் இல்லை. குரல் மட்டும்.
"சுமதி, வாயேன். மழையப் பாரு."
உள்ளேயிருந்து நான்: "அடுப்புல வேலையா இருக்கேன். நீங்களே பாருங்க."
இன்னொரு தடவை கூப்பிடுகிறார். நான் வரவில்லை. முடிந்துவிடுகிறது.
இப்போதும் அடுப்பில் பால் இருந்தது. அணைத்துவிட்டு வந்து மறுபடி போட்டேன்.