பின்சீட்டு யாருக்கு

சேசு மரி சூசை துணை

கிழக்கு தாம்பரம்
21.10.1988

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா செல்வமேரி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. தேவமாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் அப்படியே சுகம் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. உன் கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது, அதைப் பார்த்து அப்பா ஸ்டைலாக இருக்கிறாள் என்கிறார், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறேன் நான். நைட் டியூட்டி முடிந்து வந்ததும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறு வடித்து ரசமாவது வைத்துக்கொள். நான் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியை உன் ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கே போட்டுத் தீர்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சமையலறையில் போன வருஷம் ஒழுகிய அதே இடத்தில் இந்த வருஷமும் ஒழுகுகிறது, அப்பா ஓடு மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஓடாத லாம்பிரெட்டா ஸ்கூட்டருக்கு இன்னும் எத்தனை நாள்தான் ரிப்பேர் செலவு செய்வீர்கள், சைடு காரோடு சேர்த்து யாருக்காவது விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பாப்பா சொல்றதும் சரிதான், வித்துடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையைப் போன ஈஸ்டரிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அப்போதெல்லாம் காதில் விழாத மாதிரி பேப்பரைப் புரட்டிய மனுஷன், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ ஒரு வரி எழுதியதும் தலையாட்டுகிறார். பெற்ற மகள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று கேட்பாய். நான் பட்டேன், இந்தக் கடிதம் எழுதும்போதும் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சைடு காரில் நீ, பின்சீட்டில் நான். அந்தக் காலத்தில் இந்தத் தெருவில் யார் வீட்டில் வண்டி இருந்தது. அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் இறங்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கும் பார்க்கட்டும் என்றுதான் இருக்கும். நீ நர்சிங்கில் சேர்ந்த வருஷம், திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேரி, நீ இனிமே சைடு கார்ல சவுகரியமா உக்காந்துக்கோ, பாப்பா பின்னால வரட்டும் என்றார். நான் கீழே இறங்கி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து என் மடியில் பையும் குடையும், என் முகத்துக்கு நேராக லாரிச் சக்கரம். மேலே நீங்கள் இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டு வருவீர்கள். அவர் தலையைச் சாய்த்து ஏதோ கேட்பார், நீ அவர் காதருகே குனிந்து ஏதோ சொல்வாய், இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தை கேட்காது. இறங்கியதும் அப்படி என்னடி பேசினீர்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லையம்மா என்று ஓடிவிடுவாய். ஒன்றுமில்லாததை எதற்கு அவ்வளவு தூரம் பேச வேண்டும் என்று நான் எத்தனை நாள் நினைத்து நினைத்துப் பொருமினேன் தெரியுமா.

நீ பிளேன் ஏறிப் போனாய், வண்டி படுத்துவிட்டது. கிளட்ச் பிடிக்கவில்லை என்றார், கேபிள் மாற்றினோம். அப்புறம் கியர் விழவில்லை, அப்புறம் கார்புரேட்டரில் அடைப்பு, அப்புறம் உள்ளே செயின் சத்தம் போடுகிறது. சேலையூர் ஜெயவேலு கடையில்தான் அது பாதி நாள் நிற்கும், மீதி நாள் நம் வாசலில் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கும். அப்பா குரோம்பேட்டை தோல் கம்பெனிக்கு எலக்ட்ரிக் டிரெயினில் போய் வருகிறார், கோயிலுக்கு இருவரும் நடந்தே போகிறோம். எதிர்வீட்டு திரிபுரசுந்தரியின் வீட்டுக்காரர் புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார். அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்கு அவர் பின்னால் உட்கார்ந்து போகிறாள், இங்கே கிடைக்காத எந்தக் காய் அங்கே கிடைக்கிறதோ தெரியவில்லை. திரும்பி வந்து முருங்கைக்காய் விலையை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள்ளே போவாள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன், வேறென்ன செய்ய.

போன வாரம் ஜெயவேலு வண்டியைக் கொண்டு வந்து விட்டபோது அப்பா கம்பெனியில் இருந்தார். இந்தத் தடவையாவது ஓடுமா தம்பி என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, அக்கா, நான் சொன்னேன்னு சார்கிட்ட சொல்லாத, வண்டி ஷோக்கா கீது, போன வாட்டியே ஷோக்காதான் இருந்திச்சி, சார்தான் எங்கியோ சத்தம் வருது, இன்னும் நல்லா பாருன்னு வுட்டுட்டுப் போறாரு, நானும் எத்தத்தான் கழட்டி மாட்டறது என்றான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, பாப்பா இல்லாத வண்டியில் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு போக அவருக்கு மனசில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும், நீயே சொல். அன்று அவருக்குப் பிடிக்குமென்று வைத்த கருவாட்டுக் குழம்பை எனக்குத் தொடவே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் என் அண்ணன் தாவீது பேரனுக்கு ஞானஸ்நானம். காலையில் அவர் டிரெயினுக்குக் கிளம்பினார். நான் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போய் வண்டிமேல் இருந்த சாக்கை எடுத்துப் போட்டேன், பையைச் சைடு காரில் வைத்தேன், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இதில் போனால் போகலாம், இல்லாவிட்டால் நான் வரவில்லை, என் அண்ணனுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாசலிலேயே நின்றார். வாணாம் மேரி, சொன்னா கேளு, நடுவுல நின்னுடும் என்றார். நின்றால் தள்ளுவோம் என்றேன். திரிபுரசுந்தரி மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அவரும் வந்து வண்டியில் ஏறினார். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆயிற்று.

ரயில்வே கேட் தாண்டுகிறவரை நான் மகாராணிதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் காலை வெயில் எதிரே அடித்தது, அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார், சைக்கிள்காரன்கூட எங்களைத் தாண்டிப் போனான். சானடோரியம் வந்ததும் தலையைச் சாய்த்து, பாப்பா, எதிர்ல வர்றது பஸ்ஸா லாரியா என்றார். பழக்கத்தில் வாய் தவறி உன் பெயரைச் சொல்கிறார் என்று எனக்கு எரிந்தது, ஆனாலும் பஸ் என்றேன். கொஞ்ச தூரம் போனதும், ஓரமா யாருனா நடந்து போறாங்களா பாரும்மா என்றார். இரண்டு பேர் போகிறார்கள் என்றேன். இதென்ன கேள்வி என்று நினைத்து முடிப்பதற்குள் குரோம்பேட்டையில் நட்ட நடு ரோட்டில் ஒரு எருமை நிற்கிறது, இவர் நேராக அதன்மேல் போகிறார். நான் முதுகில் ஓங்கி அடித்துக் கத்தினேன். பிரேக் பிடித்தபோது எருமை வால் சைடு காரில் பட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு ஹாண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார். வலது கண்ணில் புரை வளர்ந்து அஞ்சாறு வருஷம் ஆகிறதாம், இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டதாம், வெயில் எதிரே அடித்தால் எல்லாம் வெள்ளையாகப் போய்விடுகிறதாம். நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டதாம், நீதான் பின்னால் உட்கார்ந்து ரோட்டைச் சொல்லிக்கொண்டே வருவாயாம்.

ஆக, அதுதான் நீங்கள் பேசிய பேச்சு. பஸ் வருகிறது, சைக்கிள் போகிறது, பள்ளம் இருக்கிறது. அதற்கா நான் இத்தனை வருஷம் வெந்தேன். நீ வண்டியை விற்கச் சொன்ன காரணமும் இப்போது புரிகிறது, அதையாவது எனக்கு ஒளிக்காமல் எழுதியிருக்கலாம். எருமைமேல் மோதியிருந்தால் உனக்குத் தந்திதான் வந்திருக்கும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். உன்கிட்ட சொன்னா நீ பயந்துகினு வண்டில ஏற மாட்டே, அப்புறம் நான் யாரைக் கூட்டினு போறது, பாப்பா போன பிறகு உன்னை வச்சி ஓட்ட எனக்கே பயமா போச்சி, அதான் ரிப்பேர்னு சொல்லினு இருந்தேன் என்றார். குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்ற சனம் முழுக்கப் பார்க்க, பட்டுச்சேலையோடு நான் அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது. ஏன், எனக்குக் கண் இல்லையா, பஸ்ஸுக்கும் லாரிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா, கட்டிக்கொண்டவளைக் கீழே உட்காரவைத்துவிட்டு மகளிடம் கண்ணைக் கடன் கேட்கலாமா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தாவீது வீடு பக்கம்தான், அதுவரை முதல் கியரில் ஓரமாகவே போவோம், ஆனால் பாப்பா என்று கூப்பிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், மேரி என்று கூப்பிட்டுக் கேளுங்கள், சொல்கிறேன் என்றேன். அப்படியே மேரி மேரி என்று கேட்டுக்கொண்டே வந்தார், நானும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட விடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒருபக்கமாக உட்கார்ந்து முன்னால் பார்த்ததில் கழுத்து இன்னும் வலிக்கிறது. உனக்கும் இப்படித்தான் வலித்திருக்கும், நீ ஒரு நாளும் சொன்னதில்லை.

வண்டியைத் தாவீது வீட்டிலேயே விட்டுவிட்டு டிரெயினில் வந்தோம், மறுநாள் ஜெயவேலு போய் எடுத்து வந்தான். சாவி இப்போது என்னிடம் இருக்கிறது, எங்கே என்று அவருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை லீவு போடவைத்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வலது கண் முற்றிவிட்டது, கிறிஸ்துமஸ் கழித்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், கனத்த கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அதுவரை வண்டியை விற்பதும் இல்லை, ரிப்பேருக்கு விடுவதும் இல்லை. ஆபரேஷன் முடிந்து, ஓட்டலாம் என்று டாக்டரம்மா வாயால் சொன்னால் வண்டி வீட்டில் இருக்கும், ஜெயவேலு கேட்கிற வேலையெல்லாம் செய்து வைப்பேன். கூடாது என்றால் நானே நின்று விலை பேசி அனுப்பிவிடுவேன், உன்னையும் கேட்க மாட்டேன் அவரையும் கேட்க மாட்டேன். நீ சொன்னதும் விற்றுவிடலாம் என்று தலையாட்டியவர் ஆயிற்றே, அதனால் நீயும் ஒரு வார்த்தை எழுது. அம்மா என்ன சொல்கிறாளோ அப்படிச் செய்யுங்கள் அப்பா என்று எழுது, அதையும் தனியாக எழுதாமல் நானும் படிக்கிற மாதிரி எழுது.

கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா கல்லறையில் உன் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ஜெபமாலையை விடாதே, டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, வாங்குகிற பணத்தில் உனக்கும் ஏதாவது வாங்கிக்கொள். ஆபரேஷனுக்கு லீவு கேட்டு அலையாதே, நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்வேன். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் தேவமாதாவின் காவலும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கண் தெரிந்து அவர் வண்டி எடுக்கிற முதல் நாள் பின்சீட்டில் நான்தான் உட்காருவேன். அன்றைக்கு எதிரே பஸ் வரட்டும், லாரி வரட்டும், நான் ரோட்டைப் பார்க்க மாட்டேன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. செல்வமேரி