நெளிவுக்குள் நெளிவு

என் அன்பு அக்காவுக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம். நாவலப்பிட்டி வீட்டில் உன் அலுமாரியை இன்னும் யாரும் திறக்கவில்லை. உன் மகள் மாலதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதைச் சந்தோஷமாக எழுத முடியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அவள் மார்பில் ஒரு கட்டி. கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். நான் விடவில்லை, போன வாரம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். சாதாரணக் கட்டியின் ஓரம் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்குமாம். புற்றுநோய்க் கட்டியின் ஓரம் பல நேரம் நெளிந்து கிடக்கும். பெரிதாக்கினால் நெளிவுக்குள் சின்ன நெளிவு, அதற்குள்ளும் ஒன்று. மடுல்கெல்ல ரோட்டோரத்துப் பன்னச் செடியை நினைத்துக்கொள். பெரிய இலை எப்படியோ, அதன் துணுக்கும் அப்படியே. அந்தக் கரடுமுரடை ஓர் எண்ணாக அளப்பதற்கு ஃபிராக்டல் கணக்கு என்று பெயர்.

மாலதியின் படத்தில் நெளிவு இருந்தது.

"இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற முறை. இதை வச்சு முடிவு சொல்லேலாது, சதை எடுத்துத்தான் பாக்கவேணும்," என்றார் டாக்டர். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார். இல்லை என்றாள் உன் மகள்.

உன் நோய் தெரிந்தால் பெண்ணைக் கட்ட யார் வருவார்கள் என்று பயந்து, குடல்புண் என்றே சொல்லச் சொன்னாய். கொழும்பில் வேலையில் இருந்த அவளிடமும் அப்படியே சொன்னோம். மரண அறிவித்தலில் 'சிறிது காலம் சுகவீனம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் போன வாரம் டாக்டர் முன்னால் அந்தக் கதிரையில் உட்கார்ந்தபடி, "இவங்க அம்மாவுக்கு இருந்துச்சி டாக்டர். மார்புலதான்," என்றேன். வேறென்ன செய்ய, அக்கா?

அன்றே சதை எடுத்தார்கள். திரும்பும் பஸ் கம்பளையைத் தாண்டியது. அப்போது கேட்டாள்: "அம்மா தனியா அழுதிருப்பாங்கல்ல மாமா?"

நீ அழுததை நான் பார்த்ததில்லை. அழுதாயா?

வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "வருஷ நினைவுக்குப் பேப்பர்ல போடுவீங்கல்ல? நோய்ப் பேரையும் எழுதுங்க. மாப்பிள்ள வீட்டுலயும் வாசிக்கட்டும்."

திங்கட்கிழமை முடிவு வருகிறது. அவளோடு நான் போவேன். அது எப்படி வந்தாலும், இந்த முறை உன் பெயருக்குக் கீழே அந்த நோயின் பெயரையும் எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் சொல்லை மீறிய,
உன் தம்பி